மாண்டவை மீண்டு வருமா?

(விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

மாண்டவர் மீள்வதில்லை என்பது நம் முன்னோர் கண்ட முடிவு. துக்க வீட்டில் ஆறுதல் சொல்ல வருவோர் இன்றும் சொல்லும் சொல் அதுவே. ஆனால் இன்றைய விஞ்ஞானக் கதைகள், ஒரு மனிதன் மாண்டால் மீள மாட்டான், ஓர் இனமே மாண்டாலும் மீட்டுவிடலாம் என்கின்றன. அக்கதைகளைப் படித்து வியந்தவர்களுள் நானும் ஒருத்தி. ஆயினும் வியப்பு வேறு, நம்பிக்கை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வரும் கேட்டினை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் முதலாமாண்டு படித்துக் கொண்டிருந்தபோது, 2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஒரு செய்தி வந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன 'டயர் ஓநாய்' என்னும் பெரிய ஓநாயை மீண்டும் பிறப்பித்து விட்டதாக அமெரிக்க நிறுவனம் ஒன்று அறிவித்தது. வெண்பஞ்சு போன்ற குட்டிகளின் படம் எல்லார் கைப்பேசியிலும் உலா வந்தது. அந்த வாரம் எங்கள் துறையில் நடந்த கருத்தரங்கில் நண்பர் ஒருவர் எழுந்து, "இனிமேல் புலி அழிகிறது, யானை அழிகிறது என்று நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. அழிந்தால் ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம்" என்றார். அரங்கில் கைதட்டல் எழுந்தது. எனக்கு அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மறுத்துப் பேச எழுந்தேன். நா எழவில்லை, உட்கார்ந்து விட்டேன். அன்று சொல்ல இயலாத விடையை இன்று எழுதுகிறேன்.

கதை சொன்னது என்ன?

அழிந்த விலங்குகளை மீட்கும் கதைகளுக்கெல்லாம் தலையாயது மைக்கேல் கிரைட்டன் 1990இல் எழுதிய 'ஜுராசிக் பார்க்' நாவலாகும். 1993இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அதனைத் திரைப்படமாக்கினார். தொலைக்காட்சியில் தமிழ்க் குரலில் அப்படத்தைப் பார்க்காத மாணவர் நம்மில் எவருமிலர். நாவலை நான் நம் கல்லூரி நூலகத்தில் எடுத்து, அகராதியைத் துணைக்கு வைத்துக் கொண்டு, ஒரு மாத காலம் படித்தேன்.

கதை நாம் அறிந்ததே. பழங்காலக் கொசு ஒன்று டைனோசரின் குருதியைக் குடிக்கிறது. பின்னர் மரப்பிசினில் சிக்கி உறைகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து அப்பிசின்கட்டியைத் துளைத்து, கொசுவின் வயிற்றிலுள்ள குருதியிலிருந்து டி.என்.ஏ. எடுக்கின்றனர். அதில் விடுபட்ட பகுதிகளைத் தவளையின் டி.என்.ஏ.வைக் கொண்டு நிரப்புகின்றனர். கோஸ்டாரிகா நாட்டை அடுத்த தீவு ஒன்றில் டைனோசர்ப் பூங்கா எழுகிறது. இனப்பெருக்கம் ஆகாதிருக்க எல்லாவற்றையும் பெண்ணாகவே படைக்கின்றனர். ஆனால் தவளைகளுள் சில பால்மாறும் இயல்புடையவை. அந்த இயல்பு டைனோசர்களுக்கும் வந்துவிடுகிறது. அவை குஞ்சு பொரிக்கத் தொடங்குகின்றன.

நாவலில் வந்து படத்தில் வராத ஒரு நிகழ்ச்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. பூங்காவில் 238 விலங்குகள் உள்ளன என்பது கணக்கு. கணிப்பொறி நாள்தோறும் எண்ணுகிறது. 238 உள்ளன என்று காட்டுகிறது. அனைவரும் நிம்மதியாக உறங்குகின்றனர். ஒருநாள், இன்னும் அதிகமாகத் தேடிப் பார் என்று அதற்குக் கட்டளையிடுகின்றனர். உடனே எண்ணிக்கை உயர்கிறது! விலங்குகள் குறைந்துவிடுமோ என்று அஞ்சியவர்கள், கூடுமோ என்று எண்ணிப் பார்க்கவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த அளவீடு வந்தவுடன் எழுதுகோலை மூடிவிடும் நம் போன்ற மாணவர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் உண்டா?

கதையில் பொய் எது? மெய் எது?

விஞ்ஞானக் கதை முழுதும் மெய்யாக இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமன்று. ஆனாலும் எது பொய் என்று தெரிந்துகொண்டு சுவைப்பது அறிவுடையோர் கடமை.

முதற்பொய் காலத்தைப் பற்றியது. டி.என்.ஏ. அழியாப் பொருளன்று. நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்த 'மோவா' என்னும் பறக்காத பெரும்பறவையின் 158 எலும்புகளை ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த எலும்புகள் கிடந்த சூழ்நிலையில் டி.என்.ஏ.வின் அரை ஆயுள் 521 ஆண்டுகள் என்று அது கணக்கிட்டது. 521 ஆண்டுகளில் அதன் பிணைப்புகளில் பாதி அறுந்துபோகும். அடுத்த 521 ஆண்டுகளில் மீதியில் பாதி அறுந்துபோகும். உறைபனியில் வைத்துப் போற்றினாலும் 68 இலட்சம் ஆண்டுகளில் ஒரு பிணைப்புக்கூட மிஞ்சாது என்பது அவ்வாய்வினர் கணிப்பு. டைனோசர்கள் மறைந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கணக்கு எங்கே உதைக்கிறது என்பது பள்ளிச் சிறுவர்க்கும் விளங்கும். கதையின் தலைமை விலங்காகிய டைரனோசாரஸ் வாழ்ந்தது ஜுராசிக் காலத்திலன்று, அதற்குப் பிந்திய கிரெட்டேசியஸ் காலத்தில் என்பது மற்றொரு வேடிக்கை.

இதனினும் வேடிக்கை 1994இல் நடந்தது. எட்டுக் கோடி ஆண்டுப் பழமையான எலும்பிலிருந்து டி.என்.ஏ. கிடைத்ததாகப் புகழ்பெற்ற விஞ்ஞான இதழில் கட்டுரை வந்தது. உலகமே வியந்தது. பிறகு மற்றவர்கள் ஆராய்ந்தபோது, அது டைனோசருடையது அன்று, மனிதருடையது என்று தெரிந்தது! தேடப் போனவன் தன் கைரேகையையே கண்டெடுத்து வந்த கதையாக முடிந்தது அது.

அப்படியானால் முழுதும் பொய்யா? இல்லை. 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிச்சாலையில் கடைசி 'குவாகா' இறந்தது. முன்பாதி வரிக்குதிரையாகவும் பின்பாதி வரியற்றும் இருந்த தென்னாப்பிரிக்க விலங்கு அது. அருங்காட்சியகத்தில் கிடந்த அதன் தோலிலிருந்து 1984இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் டி.என்.ஏ. துணுக்குகளைப் பிரித்தெடுத்தனர். அழிந்த விலங்கு ஒன்றின் டி.என்.ஏ.வை மனிதன் படித்தது அதுவே முதன்முறை. இன்று சைபீரியப் பனியில் புதைந்த மாமத யானையின் பல்லிலிருந்து, பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட டி.என்.ஏ.வையும் படித்துவிட்டார்கள். 'கிரிஸ்பர்' என்னும் முறையால் மரபேட்டில் வேண்டிய இடத்தில் வேண்டிய எழுத்தை மாற்றவும் கற்றுவிட்டார்கள். அம்முறையைக் கண்ட இரு பெண் விஞ்ஞானிகளுக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே டைனோசர் வராது. ஆனால் அண்மையில் அழிந்தவற்றை நோக்கி மனிதன் கை நீட்டிவிட்டான் என்பது மெய்.

ஏழெட்டு நிமிட வாழ்வு

அழிந்த ஓர் இனம் மீண்டும் பிறந்த நிகழ்ச்சி ஒரே ஒருமுறை நடந்திருக்கிறது. அது கதையன்று.

ஸ்பெயின் நாட்டின் பைரனீஸ் மலையில் 'புகார்டோ' என்னும் காட்டாடு வாழ்ந்து வந்தது. வேட்டையால் குறைந்து குறைந்து, கடைசியில் ஒரே ஒரு பெண் ஆடு எஞ்சியது. அதற்குச் சீலியா என்று பெயர். 1999இல் அதனைப் பிடித்து, காதிலிருந்து சிறிது தோலை எடுத்து உறைய வைத்துவிட்டு, மீண்டும் மலையில் விட்டனர். 2000ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மரம் ஒன்று விழுந்து சீலியா மாண்டு கிடந்தது.

உறைய வைத்த உயிரணுக்களின் உட்கருவை, உட்கரு நீக்கிய ஆட்டுக் கருமுட்டையில் வைத்துக் கருவாக்கினர். டாலி என்னும் செம்மறியை 1996இல் பிறப்பித்த அதே முறைதான் இது. டாலிக்கு 277 முயற்சிகள், வென்றது ஒன்று. புகார்டோவுக்கும் அவ்வாறே பல ஆடுகளின் வயிற்றில் கருவை வைத்தும், நிறைமாதம் கண்டது ஒன்றே. 2003ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு பெண்குட்டி பிறந்தது. நுரையீரல் குறையால் மூச்சுத் திணறி, சில நிமிடங்களில் இறந்தது. ஓர் இனம் இருமுறை அழிந்தது!

என் தந்தையார் ஆடு வளர்ப்பவர். சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது பட்டியின் ஓரம் அமர்ந்து அவருக்கு இக்கதையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டவர், "அந்தக் குட்டி பொழைச்சிருந்தாலும், சோடிக்குக் கெடா எங்க கண்ணு போறது?" என்றார்.

நான் திகைத்துப் போனேன். சீலியா பெண், அதன் உயிரணுவிலிருந்து எத்தனை குட்டி எடுத்தாலும் அத்தனையும் பெண்ணே. ஆயிரம் பக்கம் படித்தும் என் அறிவுக்கு எட்டாத கேள்வியை, எழுத்தறியாத என் தந்தை ஒரு நொடியில் கேட்டுவிட்டார். ஓர் உயிரைப் பிறப்பிப்பது வேறு. ஓர் இனத்தை வாழ வைப்பது வேறு. மந்தை வைத்திருப்பவர்க்கு இது தெரியும்.

பெயரால் ஓநாய்

இப்பொழுது கைதட்டல் பெற்ற ஓநாய்க்கு வருவோம். கொலோசல் பயோசயின்ஸஸ் என்னும் நிறுவனம் செய்தது என்ன? 13,000 ஆண்டுப் பழமையான பல்லிலிருந்தும் 72,000 ஆண்டுப் பழமையான மண்டையோட்டிலிருந்தும் டயர் ஓநாயின் மரபேட்டைப் படித்தார்கள். பிறகு இன்று வாழும் சாம்பல் ஓநாயின் உயிரணுவை எடுத்து, 14 மரபணுக்களில் 20 மாற்றங்கள் செய்தார்கள். நாயின் வயிற்றில் வளர்த்தார்கள். ரோமுலஸ், ரீமஸ், கலீசி என மூன்று குட்டிகள் பிறந்தன. அருஞ்செயல்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓநாயின் மரபேடு ஏறத்தாழ 240 கோடி எழுத்துக்கள் கொண்டது. இரு ஓநாய்களின் மரபேடும் 99.5 விழுக்காடு ஒத்திருக்கிறது என்று அந்நிறுவனத்தாரே சொன்னார்கள். மீதி அரை விழுக்காடு என்பது 1.2 கோடி எழுத்துக்கள். மாற்றியதோ இருபது இடங்களில். வெள்ளாட்டுக்குக் கம்பளி போர்த்திச் செம்மறி என்று சந்தையில் விற்க முடியுமா? மரபியல் வல்லுநர் பலர், இவை மரபணு மாற்றப்பட்ட சாம்பல் ஓநாய்களே என்று வெளிப்படையாகக் கூறினர்.

இங்கேதான் கிரைட்டனின் கதை என்னை மீண்டும் வியக்க வைக்கிறது. நாவலில் வரும் மரபியல் விஞ்ஞானி வூ, பூங்காவின் முதலாளி ஹாமண்டிடம், இந்த டைனோசர்களைச் சற்று மந்தமாகவும் சாதுவாகவும் மாற்றிப் படைக்கலாமே என்கிறான். முதலாளி மறுக்கிறான், மக்கள் உண்மையான டைனோசரையே பார்க்க விரும்புவார்கள் என்கிறான். இப்பொழுது இருப்பவையும் உண்மையானவை அல்லவே, நாம் ஒட்டுப்போட்டுச் செய்தவை தாமே என்பது வூவின் பதில். மருந்து செய்யாமல் பூங்கா அமைத்தது ஏன் என்பதற்கும் ஹாமண்டு காரணம் சொல்கிறான்: மருந்து என்றால் அரசு விலையில் தலையிடும், கேளிக்கைக்கு யாரும் விலைக்கட்டுப்பாடு கேட்க மாட்டார்கள்! முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய கதை டி.என்.ஏ.வைப் பற்றித் தவறாகச் சொல்லிற்று. மனிதரைப் பற்றிச் சரியாகச் சொல்லிற்று. ஆகவேதான் இக்கதைகளை நாம் படிக்க வேண்டும் என்கிறேன். தள்ள வேண்டும் என்று சொல்லவில்லை.

நண்பர்களே! என் கவலை ஓநாய்க்குட்டிகளைப் பற்றியதன்று. அச்செய்தி வந்த சில நாட்களுக்குள், அமெரிக்காவில் வனவிலங்குப் பாதுகாப்பைக் கவனிக்கும் துறையின் அமைச்சரே, உயிரினங்களைக் காப்பது சட்டக் கட்டுப்பாடன்று, புதிய கண்டுபிடிப்பே என்ற பொருளில் எழுதினார். நம் அரங்கில் எழுந்த கைதட்டலும் அவர் எழுத்தும் ஒரே கருத்தின் இரு முகங்கள் அல்லவா? மீட்டுக் கொள்ளலாம் என்ற நம்பிக்கை வந்தவுடன், காக்க வேண்டும் என்ற எண்ணம் தளர்கிறது. இதுவே நான் அஞ்சும் ஆபத்து.

தாயற்ற குட்டி

மாமத யானையையும் பிறப்பிப்போம் என்கிறார்கள். வட ஆர்க்டிக் கடலிலுள்ள ராங்கல் தீவில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிக் கூட்டம் மறைந்தது. ஆசிய யானையின் உயிரணுவில் மாற்றம் செய்து, நீண்ட மயிரும் தடித்த கொழுப்பும் உடைய கன்று ஒன்று பிறந்துவிட்டதாகவே வைத்துக் கொள்வோம். அது யாரிடம் வளரும்?

எங்கள் பட்டியில் தாய் இறந்த குட்டியை வேறோர் ஆட்டிடம் விட்டால், அந்த ஆடு முகர்ந்து பார்க்கும். தன் குட்டியில்லை என்று தெரிந்ததும் முட்டித் தள்ளும். என் தந்தை ஆட்டின் காலைப் பிடித்துக் கொண்டு குட்டியை ஊட்ட விடுவார். அதுவும் ஆகாவிட்டால் புட்டிப்பால்தான். புட்டிப்பாலில் வளர்ந்த குட்டி மனிதர் பின்னாலேயே அலையும். மேய்ச்சலுக்குப் போனால் எந்தத் தழையைக் கடிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் விழிக்கும். ஆட்டுக்கே இப்படியென்றால் யானைக்கு எப்படி? யானைக் கூட்டத்தை வழிநடத்துபவள் மூத்த பெண்யானை. வறட்சியில் நீர் எங்கே கிடைக்கும் என்பது அவள் நினைவில் இருக்கிறது. அந்நினைவு மரபணுவில் எழுதப்படவில்லை. தாயிடமிருந்து மகளுக்கு நடந்து நடந்து வந்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அறுந்த அந்தக் கயிற்றை எந்த ஆய்வகம் முடிச்சுப் போடும்?

அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பறந்த பயணிப்புறாவின் கதையும் இதுவே. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் மார்த்தா என்னும் கடைசிப் புறா இறந்தது. வானத்தை மறைக்கும் கூட்டமாகப் பறந்து, காடு முழுதும் கூடுகட்டி வாழ்ந்த பறவை அது. கூண்டுக்குள் பத்துப் புறாக்களைச் செய்து வைத்தால் அது பயணிப்புறா ஆகிவிடுமா?

இதனை நான் ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் இதனை அறிவார்கள். விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது, பருவத்தேர்வு என்றால் என்ன, நூலக அட்டை எங்கே வாங்குவது, பேராசிரியரிடம் ஐயம் கேட்கலாமா கூடாதா என்று சொல்லித் தர எங்கள் வீட்டில் எவருமில்லை. அறிவு குறைந்தவர்களாக நாங்கள் பிறக்கவில்லை. வழி சொல்ல முன்னால் ஒருவர் இல்லை, அவ்வளவே. விடுதியில் மூன்றாமாண்டு அக்கா ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போயிராவிட்டால், முதல் மாதத்திலேயே நான் பட்டிக்குத் திரும்பியிருப்பேன். எனக்காவது ஓர் அக்கா இருந்தார். அந்த மாமதக் கன்றுக்கு உலகம் முழுதும் தேடினாலும் ஒருவர் கிடையாது.

மறுப்போர்க்கு விடை

"அப்படியானால் மரபுப் பொறியியலே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்கலாம். அவ்வாறு சொன்னால் நான் விலங்கியல் மாணவியே அல்லள்.

அமெரிக்காவில் கருங்கால் மரநாய் என்றொரு சிறு விலங்கு உண்டு. அழிந்தேவிட்டது என்று எல்லாரும் கைவிட்ட நிலையில், 1981இல் வயோமிங் மாநிலத்துப் பண்ணை ஒன்றின் நாய் அதனைக் கவ்விக் கொண்டு வந்து வீட்டு வாசலில் போட்டது! அவ்விடத்தில் மிஞ்சியிருந்தவற்றைப் பிடித்து வளர்த்தனர். இன்றுள்ளவை பெரும்பாலும் ஏழே விலங்குகளின் வழித்தோன்றல்கள். ஆதலின் மரபு வேறுபாடு மிகக் குறைவு. இந்நிலையில், 1988இல் உறைய வைத்திருந்த, சந்ததியின்றி இறந்த ஒரு மரநாயின் உயிரணுவிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் என்னும் குட்டியைப் படியெடுத்தனர். அவ்வாறே பிறந்த மற்றொன்று 2024இல் குட்டிகளும் ஈன்றது. இழந்த மரபுச் செல்வம் இனத்துக்குத் திரும்பியது.

வேறுபாட்டைக் கவனியுங்கள். இங்கே சேர்ந்து வாழ இனம் இருக்கிறது. சோடிக்கு ஆண் இருக்கிறது. கற்றுத்தரத் தாய் இருக்கிறது. விட வேண்டிய நிலமும் இருக்கிறது. இத்தகைய இடத்தில் மரபுப் பொறியியல் மருந்து. இவை ஏதுமில்லாத இடத்தில் அது காட்சிப்பொருள். இதுவே என் கருத்து.

நம் நாட்டு அனுபவமும் இதனையே சொல்கிறது. இந்தியாவில் சிவிங்கிப்புலி அழிந்துவிட்டதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு வந்தன. அவை ஆய்வகத்தில் செய்தவை அல்ல. தாய்ப்பால் குடித்து வளர்ந்த உயிருள்ள விலங்குகள். அவ்வாறிருந்தும் அவற்றை இங்கே நிலைக்க வைக்க எத்தனை பாடு! சில மாண்டன, சில குட்டி ஈன்றன. இருப்பதைக் கொண்டுவந்து வைப்பதே இத்துணைக் கடினமென்றால், இல்லாததைச் செய்து வைப்பது எளிதாகுமா?

நம் தலைக்கு மேலே

இறுதியாக, எங்கள் ஊர்க் கதை ஒன்று. என் அப்பாருவுக்கு வயது எண்பதைத் தாண்டுகிறது. அவர் சொல்வார்: "அந்தக் காலத்துல ஒரு மாடு செத்துச்சுன்னா, எங்கிருந்துதான் வருமோ, பிணந்தின்னிக் கழுகு கூட்டமா வந்து எறங்கிரும் கண்ணு. பொழுது சாயறதுக்குள்ள எலும்புதான் மிச்சம்." நான் அக்காட்சியைக் கண்டதில்லை. இப்பொழுது செத்த மாட்டைச் சுற்றித் தெருநாய்கள்தாம் நிற்கின்றன.

என்ன நேர்ந்தது? மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட 'டைக்ளோபினாக்' என்னும் ஊசிமருந்து. அம்மருந்து ஏறிய மாடு இறந்து, அதன் இறைச்சியைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. 1990களில் தொடங்கிய அழிவின் காரணத்தை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்துவிட்டன. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவதைத் தடுக்க, 2015இல் அவற்றின் அளவும் குறைக்கப்பட்டது. தென்னிந்தியாவில் இன்று பாறுகள் கூடுகட்டும் மிகச் சில இடங்களுள் எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள மோயாற்றுப் பள்ளத்தாக்கும் ஒன்று.

நான் இதையெல்லாம் படித்துவிட்டு வந்து வீட்டில் சொன்னபோது, என் தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம மாட்டுக்கும் அந்த ஊசி போட்டுருக்கோம் கண்ணு" என்றார். வலியால் துடிக்கும் மாட்டுக்கு மருந்து போட்ட எவரும் கழுகைக் கொல்ல நினைக்கவில்லை. அறியாமை செய்த வேலை அது. அந்த அறியாமையைப் போக்கத்தானே எங்களைப் போன்றவர்களைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள்?

பாறு இன்னும் அழிந்துவிடவில்லை. கூட்டம் இருக்கிறது, சோடி இருக்கிறது, கூடுகட்டப் பள்ளத்தாக்கும் மரமும் இருக்கின்றன. அதனைக் காக்க டி.என்.ஏ. தேவையில்லை, கோடிக்கணக்கான டாலரும் தேவையில்லை. மெலாக்சிகம் என்னும் மருந்து மாட்டின் வலியையும் தீர்க்கும். கழுகுக்கும் தீங்கு செய்யாது என்று ஆய்வாளர்கள் நிறுவியிருக்கின்றனர். மருந்துப் புட்டியின் மேல் உள்ள பெயரைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவ்வளவே!

ஆகவே நம் துறைப் பேராசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமை மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் நடத்துவோம். ஆடு மாடு வளர்ப்போரிடம் வீடு வீடாகச் சென்று, எந்த ஊசி ஆகும், எந்த ஊசி ஆகாது என்று எடுத்துச் சொல்வோம். அப்பணிக்கு முதல் ஆளாக என் பெயரை எழுதிக் கொள்ளுங்கள். எங்கள் ஊரிலேயே தொடங்கலாம். தங்க இடமும் சோறும் என் தந்தை தருவார்.

அன்று அரங்கில் கைதட்டிய நண்பருக்கு இதுவே என் விடை. விஞ்ஞானக் கதைகளைப் படியுங்கள்; வியந்து மகிழுங்கள். ஆனால் மாண்டதை மீட்கும் நாளை எண்ணி, வாழ்வதை மாள விடாதீர்கள். என் அப்பாரு கண்ட பறவைக் கூட்டத்தை நான் காணவில்லை. எனக்குப் பின் எங்கள் ஊரிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் பிள்ளைகளாவது, அதனைப் படத்தில் பாராமல் வானத்தில் பார்க்கட்டும்.